டெல்லித் தண்ணில ஃபிலிம் கழுவுறது: கறுப்பு வெள்ளை ரோல் டெவலப் ஆகறதுன்னா உள்ள என்னதான் நடக்குது?

ஃபிலிம் ரோல வீட்லயே கழுவலாம்னு சொன்னா நிறைய பேர் உடனே நினைக்கறது ஒரு தனி இருட்டறை, சிவப்பு பல்பு, கொடில வரிசையா தொங்கற போட்டோ, இதெல்லாம் இல்லாம முடியாதுன்னுதான். அதெல்லாம் பேப்பர்ல பிரிண்ட் போடறதுக்கு வேணும். ரோல நெகட்டிவ் ஆக்கற வரைக்கும் ஒரு பாத்ரூம், வெளிச்சம் புகாத ஒரு டேங்க், மூணு நாலு பாட்டில், ஒரு தெர்மாமீட்டர் இருந்தா போதும். டெல்லில இருக்கறவங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ராவா ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு கீசரும் வேணும், ஏன்னு பின்னாடி வரும், பாதி கட்டுரை அதப் பத்திதான்.

போன மாசம் என் சித்தி பையன் மயூர் விஹார்ல எங்க வீட்டுக்கு வந்திருந்தப்ப "அண்ணா, சிவப்பு லைட் போட்டுட்டு பார்த்துக்கிட்டே பண்ணலாம்ல?"ன்னு கேட்டான். பண்ணக்கூடாது. இப்ப கடைல கிடைக்கற கறுப்பு வெள்ளை ஃபிலிம் கிட்டத்தட்ட எல்லாமே எல்லா நிறத்தையும் பார்க்கும், சிவப்பு உட்பட. அதனால ஃபிலிம் டேங்குக்குள்ள போய் மூடி போடற வரைக்கும் முழு இருட்டுதான், கைய நீட்டினா கை தெரியக்கூடாது. பிரிண்ட் பேப்பருக்கு சிவப்பு அவ்வளவா தெரியாது, சினிமால காட்டறது அத.

சரி, முதல்ல ஃபிலிம்ல என்ன இருக்குன்னு பாத்துடலாம், இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரியும். பிளாஸ்டிக் பட்டை ஒண்ணு, அதுமேல ஜெலட்டின் பூச்சு, அந்த ஜெலட்டினுக்குள்ள சில்வர் ப்ரோமைடு படிகங்கள் கோடிக்கணக்குல, கூட கொஞ்சம் அயோடைடு. ஷட்டர் திறந்து மூடற அந்த கண நேரத்துல வெளிச்சம் பட்ட படிகத்துல நாலஞ்சு வெள்ளி அணு ஒரு இடத்துல சேர்ந்து ஒரு புள்ளியா உட்காரும். அவ்வளவுதான் மாற்றம். ஒரு படிகத்துல நூறு கோடிக் கணக்குல அணுக்கள் இருக்கு, அதுல நாலஞ்சு மட்டும் இடம் மாறியிருக்கு, அதனால படம் எடுத்த ரோல இருட்டுல பிரிச்சு எந்த மைக்ரோஸ்கோப்ல வச்சாலும் படம்னு ஒண்ணும் தெரியாது. ஆனா படம் அங்க இருக்கு. இந்தப் புள்ளி எப்படி உருவாகுதுன்னு கர்னி, மாட்ங்கற ரெண்டு விஞ்ஞானிகள் 1938-ல ஒரு விளக்கம் குடுத்தாங்க, இன்னிக்கும் அடிப்படை அதுதான்.

இந்த ஒளிஞ்சிருக்கற படத்த வெளிய கொண்டு வரலாம்னு கண்டுபிடிச்சது இங்கிலாந்துல டால்பாட்ங்கற போட்டோகிராஃபி முன்னோடி, 1840-ல. அதுக்கு முன்னாடி அவர் வெள்ளி உப்பு பூசின பேப்பர்ல படம் கண்ணுக்குத் தெரியற வரைக்கும் கேமராவத் திறந்தே வச்சிருக்கணும், வெயில்ல ஒரு மணி நேரம்கூட ஆகும். கொஞ்ச நேரம் மட்டும் வெளிச்சம் காட்டி எடுத்துட்டு அப்புறமா கேலிக் ஆசிட் கலந்த கரைசல்ல நனைச்சா படம் தானா மேல வருதுன்னு அவர் பார்த்தார், நேரம் ஒரு நிமிஷ கணக்குக்கு இறங்கிடுச்சு. இந்த மாதிரி படத்த மேல கொண்டு வர்ற கரைசலுக்குத்தான் டெவலப்பர்னு பேரு. மிச்ச வேலைய அது பண்ணிடுது, அந்த நாலஞ்சு அணுவ வச்சு முழு படிகத்தையும் வெள்ளி உலோகமா மாத்திடுது, அதாவது கிட்டத்தட்ட நூறு கோடி மடங்கு பெருக்கல். வெள்ளின்னா பளபளன்னு இருக்கணுமேன்னு தோணும், ஆனா இவ்வளவு பொடிசா சிக்குப் பிடிச்ச இழையா இருக்கறப்ப வெள்ளி கறுப்பாத்தான் தெரியும். வெளிச்சம் நிறைய பட்ட இடம் கறுப்பு, படாத இடம் வெறும் பிளாஸ்டிக், அதான் நெகட்டிவ்.

இப்ப சொல்லப் போறதுதான் முக்கியம், நிறைய வீடியோல இத விட்டுட்டு நேரா "இத ஊத்துங்க, அத ஊத்துங்க"ன்னு போயிடறாங்க. டெவலப்பருக்கு வெளிச்சம் பட்ட படிகம் எது, படாத படிகம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கற சாமர்த்தியம் ஒண்ணும் கிடையாது. அது எல்லா படிகத்தையும் வெள்ளியாக்கத்தான் பாக்குது. புள்ளி இருக்கற படிகம் சீக்கிரம் மாறுது, புள்ளி இல்லாதது ரொம்ப மெதுவா மாறுது, வித்தியாசம் இந்த வேகத்துல மட்டும்தான். நேரம் தாண்டி விட்டீங்கன்னா வெளிச்சமே படாததும் மாற ஆரம்பிச்சு நெகட்டிவ் முழுக்க சாம்பல் மூட்டம் போடும். அதனாலதான் இந்த வேலைல கடிகாரமும் தெர்மாமீட்டரும் முக்கியம், நேரம், சூடு, டேங்க குலுக்கற விதம் மூணுமே அந்த வேகத்த கைல வச்சுக்கறதுக்கான வழிங்க.

டெவலப்பருக்குள்ள என்ன இருக்குன்னும் சொல்லிடறேன். கோடாக்கோட டி-76 உலகத்துலயே ரொம்ப பேர் உபயோகப்படுத்தினது, 1920-கள்லேர்ந்து இருக்கு, ஃபார்முலா யாருக்கும் ரகசியம் இல்ல: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். வெள்ளியாக்கற வேலைய செய்யறது மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும். அதுங்களுக்கு காரத்தன்மை வேணும், அது போராக்ஸ்லேர்ந்து வருது. சல்ஃபைட் காத்துல இருக்கற ஆக்சிஜன் டெவலப்பரக் கெடுக்காம பாத்துக்குது, படிகத்தோட ஓரத்தையும் கொஞ்சம் கரைச்சு படத்த மென்மையாக்குது. இல்ஃபோர்டோட ஐடி-11-ம் ஏறக்குறைய இதேதான். பழைய டெல்லி திலக் பஜார் கெமிக்கல் கடைங்கள்ல தனித்தனியா வாங்கி நீங்களே கலக்கலாம், ஆனா முதல் ரோலுக்கு வேணாம், பாக்கெட்டே வாங்குங்க. அப்படியே பின்னாடி ஒரு நாள் கலக்கறதா இருந்தாலும் ரசீதுல சல்ஃபைட்டுன்னு இருக்கான்னு நல்லா பாருங்க, சல்ஃபேட்ட வச்சு டெவலப்பர் ஆகாது, சல்ஃபைடு வந்துட்டா அது நாத்தமும் விஷமும். மெட்டால் சிலருக்கு தோல்ல அரிப்பு, வெடிப்பு கொண்டு வரும், அதனால க்ளவுஸ் போட்டுக்கங்க. சமையல் பாத்திரத்துல கலக்காதீங்க, கலந்தத ஃப்ரிட்ஜ்ல வைக்கறதா இருந்தா பாட்டில் மேல தமிழ்லயும் ஹிந்திலயும் பெருசா எழுதி ஒட்டுங்க, வேலைக்கு வர்ற தீதிக்கும் புரியணும்ல.

இப்ப சூடு. எல்லா ஃபிலிம் கம்பெனியும் குடுக்கற நேரம் 20 டிகிரி செல்சியஸுக்கு. உதாரணத்துக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், 400 ஸ்பீட்ல (ஃபிலிமோட ஒளி உணர்வு அளவு, ஐஎஸ்ஓ) எடுத்தது, டி-76 ஒரு பங்கு தண்ணி ஒரு பங்குன்னு கலந்தா 20 டிகிரில 11 நிமிஷம். கோடாக் ட்ரை-எக்ஸ் 400 அதே கலவைல ஒம்பதே முக்கால். 20 டிகிரிங்கறது ஐரோப்பால குழாயத் திறந்தா கிட்டத்தட்ட வர்ற விஷயமா இருக்கலாம், டெல்லில அது வருஷத்துல சில வாரம் மட்டும்தான் கிடைக்கும். ஜூன்ல மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க்லேர்ந்து வர்ற தண்ணில மத்தியானம் கை வைக்க முடியாது. ஜனவரில அதே குழாய்ல கை விட்டா விரல் மரத்துப் போயிடும். தயிருக்கு உறை ஊத்தற எல்லாருக்கும் இது தெரியும், மே மாசம் காலைல ஊத்தினது மத்தியானத்துக்குள்ள புளிச்சுடும், ஜனவரில ரஸாய் சுத்தி வச்சாலும் மறுநாள் வரைக்கும் பாலாவே இருக்கும், டெவலப்பரும் அப்படித்தான். ஒரு டிகிரி ஏறினா நேரம் சுமாரா பத்துல ஒரு பங்கு குறையும். 11 நிமிஷம் 24 டிகிரில ஏழரை நிமிஷமாயிடும். 30-க்குப் போனா நாலு நிமிஷ கணக்கு வரும், அவ்வளவு குறைஞ்சா ஊத்தறதுக்கும் வடிக்கறதுக்கும் ஆகற அரை நிமிஷமே பெரிய வித்தியாசமாகி படம் திட்டுத் திட்டா வரும். அஞ்சு நிமிஷத்துக்குக் கீழ போற எந்தக் கணக்கும் வேணாம்.

குளிர்லயும் நேரத்தக் கூட்டினா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்க. ஹைட்ரோகுவினோன் 12, 13 டிகிரிக்குக் கீழ போனா ஏறக்குறைய வேலையையே நிறுத்திடும், மெட்டால் மட்டும் தனியா இழுத்துக்கிட்டு இருக்கும், நெகட்டிவ் சோகையா வரும். பாத்ரூம் சுவரே பத்து டிகிரில இருக்கற ராத்திரில கீசர் இல்லாம இந்த வேலைல இறங்காதீங்க.

இதுக்கு ஏசி ரூமோ விலையான மெஷினோ தேவையில்ல, ஒரு பங்குக்கு ஒரு பங்குன்னு கலக்கறதே உதவுது. கலக்கற ஸ்டாக், அதாவது பாக்கெட்ட கரைச்சு வச்ச கெட்டி டெவலப்பர், ரூம் சூட்டுல இருக்கும், ஜூன்ல 34 டிகிரின்னு வச்சுக்கங்க. ஃப்ரிட்ஜ்ல வச்ச ஆர்.ஓ தண்ணி 6 டிகிரி. 150 மில்லி இது, 150 மில்லி அது, கலந்தா சரியா 20. குளிர்காலத்துல திருப்பிப் போடுங்க, ஸ்டாக் 12 டிகிரின்னா கீசர் தண்ணி கலந்து ஆர்.ஓ தண்ணிய 28-க்குக் கொண்டு வந்து ஊத்துங்க, அதுவும் 20. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கறதுதான். ஆனா கலந்ததுக்கு அப்புறமும் தெர்மாமீட்டர் போட்டுப் பாத்துடுங்க, கிச்சன் தெர்மாமீட்டரே போதும், அரை டிகிரி முன்னபின்ன இருந்தா குடி முழுகிடாது, எப்பவும் ஒரே தெர்மாமீட்டரா இருக்கணும், அவ்வளவுதான்.

கலவை 20-ல இருந்தாலும் டேங்கும், உள்ள ஃபிலிம் சுத்தியிருக்கற ரீலும் 34-ல இருக்கும், உள்ள போன உடனே சூடு ஏறும், 11 நிமிஷத்துல ரூம் காத்தும் ஏத்தும். அதனால ஒரு பிளாஸ்டிக் டப்புல 20 டிகிரி தண்ணி ஊத்தி, கோடைல ரெண்டு மூணு ஐஸ் கட்டி போட்டு, டேங்கையும் ஃபிக்ஸர் (கடைசில படத்த நிலைக்க வைக்கற கரைசல், பின்னாடி வரும்) பாட்டிலையும் அதுலயே நிக்க வைங்க, குலுக்கற நேரம் மட்டும் டேங்க வெளிய எடுங்க. டெவலப்பருக்கு முன்னாடி 20 டிகிரி வெறும் தண்ணி ஒரு நிமிஷம் ஊத்தி வடிச்சா டேங்கும் ஃபிலிமும் அந்த சூட்டுக்கு வந்துடும். வடிக்கறப்ப சில ஃபிலிம்ல பச்சையா, சிலதுல நீலமா, ஊதாவா தண்ணி வரும், பதறாதீங்க, அது ஃபிலிம் பின்னாடி வெளிச்சம் திரும்பி அடிக்காம இருக்க பூசின சாயம். இல்ஃபோர்டு இந்த முன் நனைப்பு தேவையில்லன்னுதான் சொல்றாங்க, பிப்ரவரில நானும் அத ஒத்துக்குவேன், ஜூன்ல மாட்டேன்.

ஊட்டில ஃபிலிம் ஃபேக்டரி ஏன் வந்துச்சுன்னு இப்ப உங்களுக்கே புரியும். 1960-ல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து'ங்கற பேர்ல கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே ஃபிலிம், பேப்பர் எல்லாம் அங்கேர்ந்துதான் நாடு முழுக்கப் போச்சு, ஊட்டில இந்து நகர்னு ஒரு ஏரியாவே அதனால இருக்கு. குளிர்ச்சி, தூசி இல்லாத காத்து, ரெண்டும் அங்க இருந்துச்சு, ரெண்டும் டெல்லில இல்ல. இப்ப அந்த ஃபேக்டரியும் இல்ல, நாம வாங்கறது எல்லாம் வெளிநாட்டு ரோல்தான். சாந்தினி சௌக்ல குச்சா சௌத்ரி மார்க்கெட்ல தேடினா ரோலும் கிடைக்கும், சில நேரம் பழைய டேங்கும் கிடைக்கும். வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க, இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர்னு ஒரு ரோல் இருக்கு, கறுப்பு வெள்ளைதான், ஆனா அது கலர் லேப்ல கழுவற வகை, இந்த முறைக்கானது இல்ல. முதல் ரோல் எச்பி5 இல்லன்னா ட்ரை-எக்ஸ் வாங்கிக்கங்க, ரெண்டும் கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் பொறுத்துக்கற ரகம்.

அடுத்து ரீல்ல ஏத்தறது. உண்மையச் சொன்னா கஷ்டமான இடம் இது ஒண்ணுதான், கெமிஸ்ட்ரி இல்ல. பேட்டர்சன் மாதிரி பிளாஸ்டிக் டேங்க்ல சுருள் தடம் போட்ட ரீல் இருக்கும், ஃபிலிம் முனைய ரீலோட வாய்ல நுழைச்சு ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்தி திருப்பினா உள்ள இருக்கற சின்ன குண்டு ஃபிலிம பிடிச்சு பிடிச்சு உள்ள தள்ளும். இத இருட்டுல பண்ணணும். அதனால ஒரு பழைய காலாவதி ரோல் வாங்கி முதல்ல வெளிச்சத்துல பார்த்துப் பண்ணுங்க, அப்புறம் கண்ண மூடிட்டு, அப்புறம் டிவி பாத்துக்கிட்டே, கை தானா போற வரைக்கும். ஃபிலிம் முனைல ரெண்டு மூலையையும் லேசா வட்டமா வெட்டினா தடத்துல இடிக்காது. ரீல் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், துளி ஈரம் இருந்தாலும் ஜெலட்டின் ஒட்டிக்கும், அதுக்கப்புறம் எவ்வளவு தள்ளினாலும் மடங்கத்தான் செய்யும். ஜூலை ஆகஸ்ட்ல மழை புழுக்கத்துல சேஞ்சிங் பேக்குக்குள்ள (கை மட்டும் உள்ள விடற வெளிச்சம் புகாத பை) அஞ்சு நிமிஷம் கை இருந்தாலே வேர்த்து ஃபிலிம் பிசுபிசுன்னு ஆயிடும், ராத்திரி ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து பண்ணுங்க, சிக்கிட்டா ஃபிலிம டேங்குக்குள்ள சுருட்டி போட்டு மூடிட்டு கைய வெளிய எடுத்து துடைச்சுட்டு திரும்பப் போங்க, அவசரமே இல்ல. 35 எம்எம் டப்பாவத் திறக்க சோடா ஓப்பனரே போதும். டேங்க் மூடறதுக்கு முன்னாடி நடுவுல டேங்கோட வர்ற கறுப்புக் குழாய் இருக்கான்னு கையால தடவிப் பாருங்க, வெளிச்சத்தத் தடுக்கறதே அந்தக் குழாய்தான், அது இல்லாம மூடினா மூடி போட்டும் பிரயோஜனம் இல்ல.

மூடி போட்டாச்சுன்னா லைட்ட போட்டுக்கலாம், மிச்சமெல்லாம் வெளிச்சத்துலதான். 35 எம்எம் ரோல் ஒண்ணுக்கு பேட்டர்சன் டேங்க்ல 290 மில்லி போதும், 300 ஊத்துங்க. டெவலப்பர ஊத்தி முடிச்ச உடனே டைமர். முதல் பத்து செகண்ட்ல நாலு தடவை டேங்க தலைகீழா கவுத்து நிமிர்த்தணும், அப்புறம் தரைல ரெண்டு தட்டு தட்டினா ஃபிலிம்ல ஒட்டின காத்துக் குமிழ் விட்டுடும், குமிழ் இருந்தா அந்த இடம் டெவலப் ஆகாம படத்துல வட்டமா கறுப்புப் புள்ளி வரும். அதுக்கப்புறம் ஒவ்வொரு நிமிஷ ஆரம்பத்துலயும் இதே நாலு தடவை.

குலுக்கறது எதுக்குன்னா, ஃபிலிம ஒட்டினாப்ல இருக்கற டெவலப்பர் வேலை செஞ்சு களைச்சுப் போகும், கூடவே ப்ரோமைடு வெளிய வந்து வேகத்தக் குறைக்கும், குலுக்கினா புதுசு வந்து சேரும். வெளிச்சம் நிறைய பட்ட இடத்துலதான் சீக்கிரம் களைக்கும், அதனால அதிகமா குலுக்கினா வானம், வெள்ளைச் சட்டை, டியூப் லைட் இந்த மாதிரி இடங்கள் இன்னும் அடர்த்தியாகும், நிழல் பெருசா மாறாது. நேரமும் அப்படித்தான். நிழல் பகுதில டெவலப் ஆக வேண்டியதே கொஞ்சம், அது முதல் சில நிமிஷத்துல கிட்டத்தட்ட முடிஞ்சுடும், வெளிச்சப் பகுதி மட்டும் போய்க்கிட்டே இருக்கும். அதாவது நிழல்ல விவரம் வேணும்னா அத கேமராலயே பாத்துக்கணும், டேங்க்ல சரி பண்ண முடியாது. வெளிச்சப் பகுதிய டேங்க்ல கூட்டவும் குறைக்கவும் முடியும். டெல்லி வெயில்ல எடுத்த ரோல், பாதி முகம் வெள்ளை பாதி முகம் கறுப்புன்னு இருக்கும்ல, அதுக்கு கேமராவ பாதி ஸ்டாப் தாராளமா, அதாவது வெளிச்சம் கொஞ்சம் கூடுதலா விழற மாதிரி வச்சு எடுத்து, கழுவறப்ப நேரத்துல ஒரு பதினஞ்சு பெர்சென்ட் குறைச்சா நல்லா வரும். டிசம்பர் மூட்டத்துல எடுத்ததுக்கு நேரெதிர், கொஞ்சம் கூட்டலாம்.

நேரம் முடிய பத்து செகண்ட் இருக்கறப்பவே வடிக்க ஆரம்பிச்சு ஸ்டாப் பாத், அதாவது டெவலப்பர நிறுத்தற கரைசல், ஊத்துங்க. டெவலப்பர் காரத்துலதான் வேலை செய்யும், லேசா அமிலம் பட்டா அங்கயே நின்னுடும், பின்னாடி வர்ற ஃபிக்ஸரும் கெடாம இருக்கும். இதுக்குன்னு தனியா வாங்க வேணாம், மளிகைக் கடைல விக்கற வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு, அரை நிமிஷம், வடிச்சுடுங்க. வெறும் தண்ணி ரெண்டு மூணு தடவை மாத்தினாலும் ஓடும்.

ஃபிக்ஸர் விஷயத்த இவ்வளவு லேசா விட முடியாது. டெவலப் ஆகாம மிச்சமிருக்கற சில்வர் ப்ரோமைடு எல்லாம் இன்னும் அங்கயேதான் இருக்கு, ஃபிலிம் பால் மாதிரி மங்கலா இருக்கும், வெளிச்சத்துல காட்டினா அதுவும் கொஞ்சம் கொஞ்சமா கறுத்துடும். அதக் கரைச்சு வெளிய எடுக்கறதுதான் ஃபிக்ஸர். ஹைப்போன்னு பழைய ஸ்டுடியோக்காரங்க சொல்றது சோடியம் தயோசல்ஃபேட், அது வெள்ளி உப்பக் கரைக்கும்னு ஜான் ஹெர்ஷல் 1819-லயே எழுதி வச்சுட்டார், போட்டோகிராஃபியே அப்ப கிடையாது, இருபது வருஷம் கழிச்சு 1839-ல அவரே அத படத்த நிலைக்க வைக்க எடுத்துக் குடுத்தார். மீன் தொட்டி கடைல குளோரின் எடுக்க குடுக்கறாங்களே வெள்ளைக் கல்லு, அதுவும் ஹைப்போதான். கல்லு ஹைப்போ கரைக்கறப்ப தண்ணி சில்லுன்னு ஆயிடும், அதனால வெதுவெதுன்னு இருக்கற தண்ணில ஆரம்பிங்க. இப்ப பாட்டில்ல வர்ற ரேபிட் ஃபிக்ஸர் அமோனியம் தயோசல்ஃபேட், அது இன்னும் வேகம்.

எவ்வளவு நேரம்னு யாரையும் கேக்க வேணாம், ஃபிலிமே சொல்லும். லோட் பண்றப்ப வெட்டிப் போட்ட முனைத் துண்டு இருக்குல, அத வெளிச்சத்துலயே ஒரு டம்ளர் ஃபிக்ஸர்ல போட்டு கடிகாரத்தப் பாருங்க, மங்கல் போய் தெளிவா கண்ணாடியா ஆக எவ்வளவு நேரமோ அதுக்கு ரெண்டு மடங்கு டேங்க்ல வைங்க. டி-மேக்ஸ், டெல்டா மாதிரி ஃபிலிமா இருந்தா மூணு மடங்கு வச்சுக்கங்க. அந்தத் துண்டு தெளியவே வழக்கத்த விட ரெண்டு மடங்கு நேரம் எடுத்துச்சுன்னா ஃபிக்ஸர் தீந்துடுச்சுன்னு அர்த்தம், புதுசு கலக்கணும். ஃபிக்ஸர் முடிஞ்சதும் மூடியத் திறந்து பாக்கலாம், இனிமே வெளிச்சம் ஒண்ணும் செய்யாது.

கழுவறதுக்கு குழாயத் திறந்து அரை மணி நேரம் ஓட விடணும்னு பழைய புத்தகத்துல இருக்கும். டேங்கர் வர்ற காலனில அப்படி பண்ணினா பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவத் தட்டுவாங்க. இல்ஃபோர்டு சொல்ற முறை ஒண்ணு இருக்கு, டேங்க ரொப்பி அஞ்சு தடவை கவுத்து வடிங்க, திரும்ப ரொப்பி பத்து தடவை, திரும்ப ரொப்பி இருபது தடவை, முடிஞ்சது, மொத்தம் ஒரு லிட்டர்கூட ஆகாது. நான் கடைசில இன்னொரு தடவை சேத்துப்பேன், அது என் திருப்திக்கு. இங்கயும் சூடுதான் முக்கியம், 20 டிகிரில இருந்த ஃபிலிம் மேல 40 டிகிரி மாடித் தண்ணி நேரா விழுந்தா ஈர ஜெலட்டின் உப்பி இளகிடும், நகம் பட்டாலே கீறும், மோசமானா மேல்பரப்பே வலை வலையா சுருங்கிடும். முந்தின நாள் ராத்திரியே ஒரு பக்கெட் பிடிச்சு ரூம்ல வச்சு, வேணும்னா ஐஸ் போட்டு இறக்கிக்கங்க.

கடைசி முங்கல் மட்டும் ஆர்.ஓ தண்ணில, அதுல போட்டோ-ஃப்ளோ மாதிரி, தண்ணி சொட்டா நிக்காம வழிய வைக்கற வெட்டிங் ஏஜென்ட் ஒரு சொட்டு, இல்லன்னா பாத்திரம் கழுவற லிக்விட்ல பாதி சொட்டு. போர் தண்ணிலயே விட்டா காஞ்சதும் சுண்ணாம்புத் தடம் வட்ட வட்டமா நிக்கும், ஸ்கேன் பண்றப்ப வானத்துல எல்லாம் தெரியும். பாத்ரூம்ல வெந்நீர் ஷவர ரெண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க, ஆவில தூசி கீழ உக்காந்துடும், அப்புறம் ஃபிலிம மேல கிளிப் போட்டு தொங்க விட்டு கீழ ரெண்டு துணி கிளிப் கனத்துக்கு. துடைக்காதீங்க. கூலர், ஃபேன் எதுவும் வேணாம். மே மாசம் ஆந்தி, அதான் புழுதிக் காத்து, அடிக்கற சாயங்காலம் கழுவற வேலையே வச்சுக்காதீங்க, ஜன்னல் எல்லாம் சாத்தினாலும் அந்த மண்ணு எப்படியோ உள்ள வந்துடும்.

காஞ்ச நெகட்டிவ பாக்கறப்ப முதல்ல படத்தப் பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க. ஃபிலிம் பேரும் நம்பரும் ஓரத்துல ஃபேக்டரிலயே வெளிச்சத்தால எழுதி வச்சது, உங்க கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஓர எழுத்து நல்ல கறுப்பா இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தா தப்பு கேமரால, வெளிச்சம் பத்தல. எழுத்தும் வெளிறி படமும் வெளிறினா டெவலப்பர் பலம் இல்ல, இல்ல குளிர்ந்து போச்சு, இல்ல நேரம் குறைவு. எழுத்து அடர்த்தியா இருந்து படமே இல்லன்னா ரோல் கேமரால ஓடவே இல்லன்னு அர்த்தம். எழுத்துகூட இல்லாம முழுசும் கண்ணாடியா வந்தா டெவலப்பருக்கு பதிலா ஃபிக்ஸர் முதல்ல போயிருக்கும், இல்ல டெவலப்பர் செத்துப் போயிருக்கும். பால் மங்கலா இருந்தா ஃபிக்ஸர் பத்தல, அது ஒண்ணுதான் காஞ்சதுக்கு அப்புறமும் சரி பண்ணக்கூடியது, திரும்ப ஃபிக்ஸர்ல போட்டு திரும்பக் கழுவுங்க.

உபயோகிச்ச ஃபிக்ஸர்ல கரைஞ்ச வெள்ளி இருக்கு, சிங்க்ல ஊத்தாதீங்க, ஒரு கேன்ல சேத்து வைங்க. முன்ன ஸ்டுடியோலயும் எக்ஸ்ரே லேப்லயும் இத வாங்கிட்டுப் போக ஆளு வருவாங்க, இன்னமும் வெள்ளி எடுக்கறவங்க சிலர் இருக்காங்க, கெமிக்கல் கடைலயோ பழைய எக்ஸ்ரே செண்டர்லயோ விசாரிச்சுப் பாருங்க. ஒரு பங்குக்கு ஒரு பங்கு கலந்த டெவலப்பர் ஒரு தடவைக்குத்தான், நிறைய தண்ணியோட வடிகால்ல விட்டுடலாம். கலக்காத ஸ்டாக் வாய் வரைக்கும் ரொப்பின பாட்டில்ல ஆறு மாசம் தாங்கும், பாதி பாட்டில்ல ரெண்டு மாசம்தான், அதனால ஒரு லிட்டர நாலு கால் லிட்டர் பாட்டிலா பிரிச்சு வச்சுக்கறது நல்லது.

நெகட்டிவ ஆறு ஆறு ஃப்ரேமா வெட்டி ஸ்லீவ்ல போட்டு, ஸ்லீவ் ஓரத்துலயே ஃபிலிம் பேர், டெவலப்பர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், எந்த மாசம்னு எழுதிடுங்க. அடுத்த ரோலுக்கு ஃபிலிமும் டெவலப்பரும் மாத்தாம நேரத்த மட்டும் ஒரு நிமிஷம் கூட்டியோ குறைச்சோ பாருங்க. ரோடினால்னு வேற டெவலப்பர் போட்டா எப்படி வரும், ஃபோமாபான்னு வேற ஃபிலிம் போட்டா எப்படி வரும்ங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம் வச்சுக்கலாம்.